கல்லில் நிலைத்த கொடைகள்

திருக்கோயில்களைப் பற்றிய வியப்புச் செய்திகள் நம் நாட்டில் பல வழங்குகின்றன. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் விமான நிழல் தரையில் விழாது என்பர் சிலர். அதன் உச்சியில் அமைந்த சிகரம் 80 டன் நிறையுள்ள ஒரே கல் என்பர் வேறு சிலர். காலையிலும் மாலையிலும் அவ்விமானத்தின் நிழல் தரையில் நீண்டு கிடத்தலைக் கண்ணுடையார் யாவரும் காணலாம். சிகரமோ பல கற்களை இணைத்து அமைத்தது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு. இல்லாத வியப்புக்களைச் சொல்லி மகிழ்வோர், அக்கோயிலின் அதிட்டானத்திலும் தூண்களிலும் திருச்சுற்றிலும் வெட்டப்பெற்றுள்ள உண்மை வியப்புக்களை ஏறெடுத்தும் பாராது செல்கின்றனர். அவற்றுள் சிலவற்றைத் திருப்பணி அன்பர்கள் அறிந்து மகிழுமாறு தொகுத்துரைப்பது இக்கட்டுரை.

முதற்கண் அறியத்தக்க வியப்பு, கோயிலை எடுப்பித்தவன் பெயரே மறக்கப்பட்டிருந்தது என்பதாம். வடமொழித் தலபுராணம் இத்திருப்பணியைக் கரிகாற் சோழனோடு இயைத்துக் கூறிற்று. கோயிலை நாள்தோறும் வலம் வந்தோர்க்கும் அச்சுவர் எழுத்துக்கள் படிக்க இயலாத பழங்கோடுகளாகவே இருந்தன. 1886-ஆம் ஆண்டில் சென்னை அரசினரின் கல்வெட்டாராய்ச்சியாளராக அமர்ந்த ஹூல்ட்சு என்னும் செருமானிய அறிஞர் அவற்றைப் படியெடுத்துப் படித்து, 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் என்னும் தொகுதியின் இரண்டாம் பகுதியாக வெளியிட்டார். அதன் பின்னரே முதலாம் இராசராசசோழன் எடுப்பித்த இராசராசேச்சரம் இது என்பது ஐயமின்றி விளங்கிற்று. தமிழ் வேந்தன் ஒருவனது பெயரைத் தமிழர் மறந்திருந்த நாளிலும் கல் மறவாமற் காத்திருந்தது.

அக்கல் எழுத்துக்கள் தோன்றிய வரலாறும் அறியத்தக்கது. தன் ஆட்சியின் 26-ஆம் ஆண்டு 20-ஆம் நாளில், தஞ்சை அரண்மனையில் இருமுடிசோழன் என்னும் மண்டபத்தின் கீழ்ப்பாலுள்ள திருமஞ்சன சாலையில் தானம் செய்திருந்தபோது, மன்னன் ஓர் ஆணை பிறப்பித்தான். தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கையார் குந்தவையார் கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், மற்றும் கொடுத்தார் கொடுத்தவற்றையும் திருவிமானத்திலே கல்லில் வெட்டுக என்பது அவ்வாணை. பேரரசன் கொடையோடு பிறர் கொடையும் ஒரே ஆணையில் இடம்பெற்றது. மற்றையோர் கொடை சிறிதென்று விலக்கப்படவில்லை.

கும்பாபிடேக வேளையில் நினைத்தற்குரிய செய்தி ஒன்று அக்கல்வெட்டுக்களில் உண்டு. ஆட்சியின் 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாளில், அஃதாவது கி.பி. 1010-இல், திருவிமானத்துத் தூபித்தறியில் வைத்தற்கு மன்னன் செப்புக்குடம் ஒன்று அளித்தான். அதன் நிறை 3083 பலம். அதன்மேற் போர்த்த பொற்றகட்டின் நிறை 2926½ கழஞ்சு. அண்ணாந்து நோக்குவார் கண்ணுக்கும் எட்டாத உயரத்தில் நிற்பது அக்குடம். ஆயினும் அதன் செம்பும் பொன்னும் அரைக்கழஞ்சும் விடாமற் கணக்கிடப்பட்டன. இந்நாளில் விமானத்து முடியில் விளங்குவது பிற்காலத்துக் குடமாகும். பழங்குடம் மறைந்தும் அதன் நிறை மறையவில்லை.

திருவாபரணங்களைப் பற்றிய கணக்கு இதனினும் நுண்ணியது. பொன்னை நிறுத்தற்கு ஆடவல்லான் என்னும் கல்லும், மணிகளை நிறுத்தற்குத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லும் வழங்கின. இறைவன் திருப்பெயரே எடைக்கற்களின் பெயராயிற்று. அப்பெயர் தாங்கிய கல்லால் நிறுப்பவன் பொய்க்க அஞ்சுவான் அன்றோ? ஒவ்வோர் அணியிலும் எத்துணை முத்து, அவை வட்டமானவையா, அனுவட்டமானவையா, சிறியவையா என்று வகை பிரித்து எழுதினர். அரக்கும் சரடும் உட்பட நிறை எவ்வளவு, நீங்கலாக நிறை எவ்வளவு என்பதையும் குறித்தனர். வயிரங்களில் புள்ளி, கீறல், செம்புள்ளி, கரும்புள்ளி, வெந்தது போன்ற கறை இவை இருப்பின் அவற்றையும் ஒளிக்காது வெட்டினர். கொடுத்தவன் மூவுலகும் புகழ்ந்த வேந்தன். அவன் கொடுத்த மணியில் குற்றம் உண்டு என்று அவன் கோயிற் சுவரிலேயே அவன் காலத்திலேயே எழுதுதற்கு அதிகாரிகள் அஞ்சவில்லை, அரசனும் வெகுளவில்லை. சிவன் சொத்தைப் பற்றிய செய்தியில் முகமனுக்கு இடமில்லை என்பதே அவர் கொள்கை.

திருவிளக்குக்குச் செய்த ஏற்பாடு எண்ணி எண்ணி மகிழத்தக்கது. ஒரு திருநந்தாவிளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை விடப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர், ஆடவல்லான் என்னும் முகத்தலளவையால் நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். ஆடு சாகாதோ, மூப்படையாதோ எனின், குட்டிகளால் தொகை குறையாது காத்தல் அவர் கடன். இதனாலன்றோ இத்தகைய ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று சோழநாட்டுக் கல்வெட்டுக்கள் வழங்கின! கடமை ஏற்ற இடையர் பெயரும், அவரோடு பிணைப்பட்ட உறவினர் பெயரும் கல்லில் உள்ளன. மலையையொத்த விமானத்தை எடுத்த மன்னன் பெயர் நிற்கும் அதே கோயிலில், ஆடு மேய்த்து உழக்கு நெய் அளந்தவன் பெயரும் நிற்கின்றது.

கோயிற் காசு வாளா கிடவாமல் வளர்தற்கும் வழி வகுத்தனர். ஊர்ச்சபைகளிடம் முதல் கொடுத்து, ஒரு காசுக்கு ஆண்டுதோறும் அரைக்காற் காசு பொலிசையாகப் பெற்றனர். அப்பொலிசையைக் கொண்டு திருமஞ்சன நீர்க்கு மணமூட்டும் ஏலம், செண்பக மொட்டு, இலாமிச்சம் வேர் ஆகியன வாங்கப்பட்டன. முதல் அழியாமலே பயன் விளைந்தது. இறைவன் திருமுழுக்கு நீரில் ஏலம் மணப்பதற்கு எங்கோ ஓர் ஊர்ச்சபை பொறுப்பேற்றிருந்தது.

சைவர் நெஞ்சு குளிரும் செய்தி திருப்பதிய விண்ணப்பம் பற்றியது. நாள்தோறும் திருப்பதியம் பாடுதற்குப் பிடாரர் 48 பேரும், அவர்க்கு உடுக்கை வாசிப்பான் ஒருவனும் கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனும் ஆக 50 பேர் அமர்த்தப்பெற்றனர். ஒவ்வொருவர்க்கும் நாள் ஒன்றுக்கு நெல் முக்குறுணி அளிக்கப்பட்டது. அவர்கள் பெயரெல்லாம் கல்லில் வெட்டப்பெற்றன. மூவர் அருளிய தீந்தமிழ் அக்கருவறை முன் ஐம்பதின்மர் முயற்சியால் நாளும் முழங்கிய காட்சியை உள்ளத்தால் காண்பார்க்கு, இன்றும் அவ்வோசை செவியிற் படும்.

கி.பி. 1014-ஐ ஒட்டிய கல்வெட்டொன்று, பல ஊர்த் திருக்கோயில்களினின்றும் கொணர்ந்து குடியேற்றப்பெற்ற 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. எத்தெரு, எச்சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலினின்றும் வந்தவர் என்பன யாவும் அதில் உண்டு. தெற்குத் தளிச்சேரித் தென்சிறகின் தலைவீட்டில் வாழ்ந்தவர், திருவையாற்று உலகமாதேவீச்சரத்தினின்றும் வந்த நக்கன் சேரமங்கை என்பார். ஒவ்வொருவர்க்கும் பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அக்கல்வெட்டிலேயே கணக்கர், தையற்காரர், தச்சர், கன்னார், தட்டார், நாவிதர், வண்ணார், நீர் தெளிப்பார், விளக்கேற்றுவார் ஆகியோரும் இடம் பெற்றனர். ஒருவர் இறப்பினும் ஊர் விட்டு அகலினும், அவர்க்கு அணுக்கரான உறவினர் அப்பணி செய்து அப்பங்கைப் பெறலாம். அவர் தகுதியற்றவராயின், தகுதியுடையாரைத் தேர்ந்து பணி செய்வித்தல் வேண்டும். உறவுக்கு உரிமை உண்டு, தகுதியின்றேல் உரிமை இல்லை என்னும் இவ்விதி எக்காலத்துக்கும் பொருந்துவது.

கோயிற் சீகாரியம் பார்த்தவன், பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் என்பான். அவன் நம்பி ஆரூரர், பரவையார், திருநாவுக்கரசர், திருஞானசம்பந்தர், மெய்ப்பொருள் நாயனார், சிறுத்தொண்டர் முதலிய அடியார் திருமேனிகளைச் செம்பிற் செய்தளித்தான். இராசராசனுக்கும் உலகமாதேவிக்கும் உரிய படிமங்களையும் எழுந்தருளுவித்தான். ஒவ்வொரு திருமேனியின் உயரமும் முழமும் விரலுமாக அளந்து எழுதப்பெற்றது. அத்திருமேனிகள் பெரும்பாலும் இடம் தெரியாமற் போயின. இராசராசன், உலகமாதேவி படிமங்கள் என்று கருதப்படும் இரண்டு, பல்லாண்டுகள் கழித்து 2018-இல் குசராத்து மாநிலத்து அகமதாபாதிலிருந்து தஞ்சைக்கு மீண்டன. காணாமற் போன பொருளைத் தேடுவார்க்கு, ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அதிகாரி அளந்து எழுதிவைத்த குறிப்பே வழிகாட்டியாக நின்றது.

இவற்றால் அறியக்கிடப்பது யாது? முத்து மாலைகளும் பொற்குடமும் மன்னன் அளித்த திருவாபரணங்களும் இன்று அங்கே இல்லை. படையெடுப்புக்களும் அரசு மாற்றங்களும் அவற்றைக் கொண்டுபோயின. பொன் போயிற்று, பொன்னின் கணக்கு நின்றது. அக்கணக்கே, பெயர் மறக்கப்பட்ட பேரரசனை உலகுக்கு மீட்டுக் கொடுத்தது. புகழ் வேண்டிப் பேரை மட்டும் பொறித்திருப்பின், இத்துணைப் பயன் விளைந்திராது. யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், அதனை யார் பெற்றார், அவர் செய்யவேண்டிய பணி யாது, தவறின் பொறுப்பேற்பார் யார் என்று எழுதியமையாலேயே அக்கல் சான்றாயிற்று.

திருப்பணிக்குப் பொருள் உதவும் அன்பர்கள் இதனைச் சிந்தித்தல் நலம். ஆயிரம் பொன் கொடுத்தாரும் ஓர் உழக்கு நெய் அளந்தாரும் இறைவன் திருமுன் ஒருங்கே எழுதப்பெறுவர் என்பது இராசராசேச்சரம் காட்டும் உண்மை. கொடையைப் போலவே கொடையின் கணக்கும் சிவபூசையாம். குடமுழுக்கு நிகழ்ந்த பின்னரும் விளக்கு எரியவேண்டும், பதிகம் ஒலிக்கவேண்டும், பணி செய்வார் வயிறு நிறையவேண்டும். விழா நாளில் ஏற்றிய விளக்குக்கு மறுநாள் நெய் எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே எண்ணிய அப்பெருமக்களின் நெறியில் நின்று, செய்த அறம் சந்திரரும் சூரியரும் உள்ளளவும் நின்று நிலவச் செய்வதே முழுமையான திருப்பணி. அதற்குத் திருவருள் முன்னின்று துணைபுரிவதாக.