பெரட்டுக்கு வராத பெண்கள்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் எங்கள் வட்டாரத்துத் தோட்ட ஆஸ்பத்திரிகள் காய்ச்சலுக்காகக் கட்டப்பட்டவை. 1891-இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது ரந்தாவ் பக்கமெல்லாம் காப்பித் தோட்டங்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி போய் ரப்பர் வந்தது. காட்டை வெட்டிச் சாய்த்த இடத்தில் ஓடை தேங்கியது, கொசு பெருகியது, கப்பலில் வந்து இறங்கிய தமிழர்கள் மலேரியாவில் செத்தார்கள். 1911-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு 60 பேருக்கு மேல் சாவு. இப்படிச் செத்தால் ஊரிலிருந்து ஆள் வரத்தே நின்றுவிடும் என்ற பயம் அரசாங்கத்துக்கும் துரைமாருக்கும் பிடித்துக்கொண்டது. 1912-இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பிறகு 1923-இன் தொகுப்பு என்று ஒவ்வொன்றும் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தியப் பொறுப்பை ஏற்றியது. ஆஸ்பத்திரி, டிரஸ்ஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர், எப்போதாவது வந்து பார்க்கும் டாக்டர் எல்லாம் அப்படி வந்தவை.

கோலா சாவாவுக்கு அருகே ஒரு தோட்டத்தின் வரிசை வீட்டில், லயத்தில், பிறந்தவள் நான். பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அம்மாவும் வெட்டினார். அவர்களிடம் கேட்டதையும், பிறகு தேடிப் படித்ததையும், என் வயிற்றுக்குள் பட்டதையும் சேர்த்து இதை எழுதுகிறேன். தோட்டத்து வரலாறு என்றால் கங்காணி, கள்ளுக்கடை, சயாம் ரயில், சங்கம் என்று நிறையவே எழுதியிருக்கிறார்கள். மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த பெண்களைப் பற்றி ஒரு பக்கம்கூட என் கண்ணில் பட்டதில்லை.

விடிவதற்கு முன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. தோட்டக் கணக்கரான கிராணி செக்ரோல் பதிவேட்டில் பேர் போடுவார். முழுநாளுக்கு முழுப்பேர், அரைநாளுக்கு அரைப்பேர், இல்லையென்றால் வெறும் கட்டம். வராதவரைத் தேடி, மேஸ்திரியான தண்டல் லயத்துக்கு வருவார். உடம்பு சரியில்லை என்றால் டிரஸ்ஸரிடம் போகவேண்டும். டிரஸ்ஸர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், கழிச்சல் உண்டா என்று கேட்பார். காய்ச்சலுக்குக் கொய்னா. இரத்தம் செத்து வெளுத்திருந்தால் கொக்கிப்புழு மருந்து. காய்ச்சலும் இல்லை, கழிச்சலும் இல்லை, வயிறு மட்டும் வலிக்கிறது என்ற பெண்ணுக்கு ஒரு மிக்ஸ்சரைக் கொடுத்து நெரைக்கு, அதாவது பால் வெட்டும் மர வரிசைக்கு, அனுப்பிவிடுவார். அந்த டிரஸ்ஸர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கொள்ளைநோயிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்கள் கற்றுக்கொண்ட வைத்தியத்தின் அளவுகோல் ஒன்றே ஒன்று: இன்றைக்கு இந்த ஆள் வேலைக்கு ஆவாளா, மாட்டாளா?

அதிக இரத்தம் போய் வெளுத்த பெண்களில் எத்தனை பேருக்குக் கொக்கிப்புழு மருந்து கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1920-களின் கடைசியில் இந்தியக் குடியேற்றக் குழு வைத்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பொருளாதாரம் சரிந்ததும் அதுவும் குறைந்தது. வேலைக்குப் போனால்தான் கூலி. நிறைந்த இரண்டு வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் வைத்து, மேடேறிப் பால் ஸ்டோருக்கு நடக்கவேண்டும். அடிவயிற்றில் கத்தி இறங்கும் நாளிலும் அந்த மேடு அதே மேடுதான். வீட்டில் வெந்தயம், பெருங்காயம், ஓமத் தண்ணீர். அதற்கும் கேட்காவிட்டால் அக்கம்பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, பீடான் என்ற மருத்துவச்சி வந்து எண்ணெய் போட்டு உருவி, வயிற்றில் துணியைச் சுற்றிக் கட்டுவார். அம்மாவுக்கு டிரஸ்ஸர் மிக்ஸ்சரைவிட அந்தப் பீடானிடம்தான் நம்பிக்கை. வலிக்கிறது என்று சொன்னதும் கையை வைத்து எங்கே என்று கேட்ட ஒரே ஆள் அவர்.

அதற்குள் உலகத்தின் மறுபக்கம் இந்த வலிக்குப் பேர் வைத்திருந்தார்கள். 1860-இல் வியன்னாவில் கார்ல் வான் ரோகிடான்ஸ்கி, கருப்பையின் உட்படலம் போன்ற திசு இருக்கக்கூடாத இடங்களில் இருப்பதை விவரித்தார். 1921-இல் அமெரிக்காவின் ஜான் சாம்ப்சன், சூலகத்தில் பழைய இரத்தம் கட்டி சாக்லேட் நிறத்தில் நிற்கும் கட்டிகளைப் பற்றி எழுதினார். மாதவிடாய் இரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றறைக்குள் போய், அங்கே ஒட்டி வளர்கிறது என்பது அவர் கொடுத்த விளக்கம். எண்டோமெட்ரியோசிஸ் என்ற பேரும் அவர் வழியாகத்தான் நிலைத்தது. அந்தத் திசு குடலிலும் சிறுநீர்ப்பையிலும் ஒட்டும், உறுப்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும், மாதவிடாய் முடிந்த பிறகும் வலியைத் தரும்.

1940-களில் பாஸ்டன் டாக்டர் ஜோ மீக்ஸ் ஒரு கருத்தைப் பரப்பினார்: வசதியான வீட்டுப் பெண்கள் கல்யாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் தள்ளிப்போடுவதால் வருவது இந்த நோய்; சீக்கிரம் கட்டிக்கொடுத்தால் தடுக்கலாம். இந்தக் கருத்து மருத்துவ உலகில் பல பத்தாண்டுகள் குடியிருந்தது. அதன்படி பார்த்தால் எங்கள் தோட்டத்தில் ஒருத்திக்கும் இது வந்திருக்க வழியில்லை. பதினாறில் கல்யாணம், வரிசையாகப் பிள்ளைகள். அதனால் ஏழைப் பெண்ணின் வயிற்றுவலி என்றால் தொற்று, புழு, சூடு, இல்லாவிட்டால் வேலைக்கு டிமிக்கி. 1976-இல் டொனால்ட் சாட்மன் என்ற அமெரிக்க டாக்டர், 190 கறுப்பினப் பெண்களை, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் லாப்ரோஸ்கோப்பியால் ஆராய்ந்தபோது ஐந்தில் ஒருவருக்கு மேல் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது. அவர்களில் பலரை அதற்கு முன் இடுப்புக்குழித் தொற்று என்று சொல்லி வைத்தியம் பார்த்திருந்தார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குள் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு யாரும் வரவில்லை. பாட்டியின் மாதவலிக்குக் காரணம் இதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

சங்கம் வந்தது. 1946-இல் சிரம்பானில் பி. பி. நாராயணன் நடத்திய நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம், 1954-இல் மற்றத் தோட்டச் சங்கங்களோடு இணைந்து தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கமானது. 1955-இல் வேலைச் சட்டம். 1965-இல் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம். கூலி ஏறியது, பிரசவச் சாவு குறைந்தது. இவை சின்ன விஷயங்கள் அல்ல. ஆனால் மாதவலி கோரிக்கைப் பட்டியலுக்கு வரவில்லை. மேடையில் நின்ற ஆண்களிடம் அதைச் சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்?

என் தலைமுறை பால் வெட்டப் போகவில்லை. தொழிற்சாலை பஸ் லயத்து வாசலுக்கே வந்து எங்களைச் செனவாங்குக்கு ஏற்றிக்கொண்டு போனது. மின்னணுச் சில்லுகளைப் பார்த்துப் பார்த்துப் பிரிக்கிற வேலை, மூன்று ஷிப்டு. வலி என்று போனால் கிளினிக் அறையில் போன்ஸ்தான் மாத்திரை, அரை மணி நேரம் படுக்கை, மறுபடி லைன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பட்டணத்தில் நான் பார்த்த ஒவ்வொரு டாக்டரும் சொன்னது ஒன்றுதான்: கல்யாணம் பண்ணி ஒரு பிள்ளை பெத்துக்கோ, சரியாயிடும். இந்த வாக்கியம் எங்கிருந்து கிளம்பி என் முன்னால் வந்து உட்கார்ந்தது என்பது மீக்ஸைப் பற்றிப் படித்தபோதுதான் விளங்கியது.

வேலைநாளைக் காப்பாற்ற மாத்திரை கொடுப்பது எங்கள் ஊரோடு முடிந்த கதையில்லை. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை நடத்திய விசாரணை, தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவலி என்று சொன்ன பெண்களுக்குப் பேர் போடாத மாத்திரைகளைக் கொடுத்து மெஷினில் உட்காரவைத்ததை வெளியே கொண்டுவந்தது. அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களின் கதை வந்தது. ஒரு நாள் வராவிட்டால் காண்ட்ராக்டர் அபராதம் பிடிப்பார். மாதவிடாய் நாள்களே வேண்டாம் என்று இளம் வயதிலேயே கருப்பையை எடுத்துவிட்டவர்கள் ஆயிரக்கணக்கில். மாநில அரசு அமைத்த குழு கணக்கெடுத்த சுமார் 82,000 பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கருப்பை இல்லாதவர்கள். அதைப் படித்துவிட்டு அன்று இரவு நான் தூங்கவில்லை. எனக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

ஸ்கேனில் இடது சூலகத்தில் சாக்லேட் கட்டி தெரிந்த காலம் அது. மலம் கழிக்கும்போது முதுகுவரை வலி ஏறும். ஒரு தனியார் டாக்டர் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை வேணாம்னா பையை எடுத்துடலாம்மா, நிம்மதியா வேலைக்குப் போகலாம்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா, "எடுத்துட்டா விட்டுடும்ல? உன் சின்னம்மா எடுத்துட்டு இப்ப நல்லாத்தானே இருக்கா?" என்றார். சின்னம்மா தனியாக என்னைக் கூப்பிட்டு, எடுத்த பிறகும் தனக்கு வலி முழுசாகப் போகவில்லை என்றார். வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லையாம்.

பிறகு அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிச் சிறப்பு மருத்துவரைப் பார்த்தேன். அவர் மலாய்ப் பெண்மணி. தாளில் படம் வரைந்து பொறுமையாக விளக்கினார். கட்டி பெரிதாக இருப்பதும் வலி பெரிதாக இருப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டியதில்லை. கொஞ்சமே இருந்து உயிர் போகிறாற்போல் வலிப்பவர்களும் உண்டு. கருப்பையை எடுத்தாலும் வெளியே ஒட்டிய திசு உள்ளேயே கிடந்தால் வலி நீடிக்கலாம். சூலகங்களையும் சேர்த்து எடுத்தால் அன்றே மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும், எலும்பும் இதயமும் அதன் விலையைக் கொடுக்கவேண்டி வரும். கட்டியை மட்டும் உரித்தெடுத்தாலும் அதோடு கொஞ்சம் கருமுட்டை இருப்பு போகும். ஆபரேஷனுக்குப் பின் நோய் திரும்பி வருவதும் சகஜம். ஐந்தாண்டில் பாதிப்பேருக்கு அருகே திரும்பும் என்று 2009-இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. டைனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரை திசுவை அடக்கி வைக்கும், நிறுத்தினால் வலி திரும்பலாம். வெட்டிப் பார்த்தால்தான் நோயை உறுதிசெய்ய முடியும் என்ற பழைய நடைமுறையை ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டி கைவிட்டுவிட்டது. ஸ்கேனையும் அறிகுறிகளையும் வைத்து மாத்திரையைத் தொடங்கலாம் என்கிறது.

நான் முதலில் மாத்திரை எடுத்தேன். கட்டி அடங்கவில்லை, குடல் பக்கத்து வலியும் விடவில்லை. அதன்பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்: லாப்ரோஸ்கோப்பியில் கட்டியை உரித்து, ஒட்டியிருந்த இடங்களை வெட்டியெடுப்பது, கருப்பையையும் சூலகங்களையும் எடுக்கக்கூடாது. என் நிபந்தனையை டாக்டர் சம்மதப் படிவத்திலேயே எழுதினார். வலி பெருமளவு குறைந்தது, முழுசாகப் போகவில்லை. இடுப்புத் தசைகள் பல வருட வலியில் இறுகிப் போயிருந்ததால் அதற்குத் தனியாகப் பயிற்சி செய்யவேண்டியிருந்தது. முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். வேறொருத்திக்கு மாத்திரையோடு நிற்பது சரியாக இருக்கலாம். பிள்ளை பெற்று முடித்த இன்னொருத்திக்கு, எல்லாம் தெரிந்து அவளே கேட்டு எடுப்பதானால், கருப்பையை எடுப்பதும் சரியாகலாம். நான் எதிர்ப்பது ஒன்றைத்தான்: வேலைநாளைக் கணக்குப் போட்டு ஒரு பெண்ணின் உறுப்பை எடுப்பது. பெரட்டுக் கணக்கு அது. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, தோட்ட நிலங்களில் செண்டாயான் மாதிரி புது நகரங்கள் எழும்பிவிட்டன. அந்தக் கணக்கு மட்டும் டாக்டர் வாயிலும் மாமியார் வாயிலும் நம் வாயிலும் இருக்கிறது.

உலகில் பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கண்டுபிடிக்க 4 முதல் 12 ஆண்டுகள் ஆவதாகவும் சொல்கிறது. ரந்தாவ், கோலா சாவா, சிலியாவ் பக்கத்துத் தங்கச்சிகளே, வலி வரும் நாளையும் இடத்தையும் எழுதி வையுங்கள். அதைக் கொண்டுபோய் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். ஆபரேஷன் என்றால் எதை எடுப்பார்கள், எதை விடுவார்கள், திரும்ப வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டு, பதில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வேலை போய்விடும் என்று பயந்து அவசரப்படாதீர்கள். ஆஸ்பத்திரியில் தங்கவேண்டிய நோய்க்கு ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 1955-இன் வேலைச் சட்டத்தில் அது இருக்கிறது.