எடையற்ற விண்கலங்கள்

விண்வெளிக் கதையைத் திரையில் காட்ட வேண்டுமாயின், முதலில் தச்சரை அழைக்க வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். 1966இல் ஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' தொடரின் எண்டர்பிரைஸ் விண்கலம், பெரும்பகுதி மரத்தாலான பதினோரு அடி மாதிரி உருவேயாகும். இத்தகைய உருக்களைச் செய்யவும் விளக்கமைத்துப் படம் பிடிக்கவும் பெரும்பொருள் வேண்டும். ஆதலின், ஒருமுறை எடுத்த காட்சியையே பன்முறை காட்டி ஒப்பேற்றுவதும் உண்டு.

இவ்வழக்கத்தை மாற்றியது, ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி படைத்த 'பாபிலோன் 5' என்னும் அமெரிக்கத் தொடர். அதன் முன்னோட்டப் படம் 1993 பிப்ரவரியில் வெளியாயிற்று. தொடர் 1994 முதல் 1998 வரை நடந்தது. விண்வெளிக் காட்சிகளை முதல் மூன்று பருவங்களுக்கு ஆக்கித் தந்தது பவுண்டேஷன் இமேஜிங் நிறுவனம். அதனை நிறுவியோருள் ஒருவரான ரான் தோர்ன்டன், முன்னர் இங்கிலாந்தில் பிபிசி தொடர்களுக்கு மாதிரி உருக்கள் செய்து பழகியவர். அக்கைதான் இப்போது கணிப்பொறியைத் தொட்டது.

அதுவும் எத்தகைய கணிப்பொறி! பெருநிறுவனங்கள் விலைமிக்க இயந்திரங்களை நாடிய காலத்தில், தோர்ன்டன் குழுவினர் எளிதில் வாங்கத்தக்க அமிகா கணிப்பொறிகளை இணைத்து, வீடியோ டோஸ்டர் என்னும் கருவியையும் அதனோடு வந்த லைட்வேவ் மென்பொருளையும் கொண்டு தொடங்கினர். ரொட்டி வாட்டும் பெட்டியின் பெயர் பூண்ட அக்கருவி எம்மி விருதுக்கு வழி வகுக்கும் என எவர் எண்ணியிருப்பர்? முன்னோட்டப் படத்தின் காட்சிகளுக்கு 1993இல் அவ்விருது கிடைத்தது.

கம்பியிலும் தாங்கியிலும் நிற்க வேண்டாத கலத்திற்குப் புதிய நடை வாய்த்தது. ஸ்டார்ஃபியூரி என்னும் சிறு போர்க்கலம், முன்னோக்கிச் செல்லும் விரைவு குன்றாமலே பின்புறம் திரும்பிச் சுடும். காற்றில்லா வெளியில் நியூட்டன் விதிப்படி நிகழக்கூடியது அதுவே.

ஆயின், எடையற்றதைக் காப்போர் எவர்? நடிகர்கள் தோன்றும் காட்சிகள், பிற்காலத்து அகலத்திரையை எண்ணிப் படச்சுருளில் எடுக்கப்பட்டன. கணிப்பொறிக் காட்சிகளோ அன்றைய தொலைக்காட்சியின் அளவிலேயே ஆக்கப்பட்டன. அவற்றின் மூலக் கோப்புகளும் முழுமையாகப் பேணப்படவில்லை. பின்னர்க் குறுவட்டுகளில் அகலத்திரைக்கு மாற்றியபோது, விண்வெளிக் காட்சிகளை மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்கினர். அவை மங்கித் தோன்றின. பட நிறுவனத்தின் இந்த அலட்சியத்தைப் பொறுப்பதற்கில்லை.

மர எண்டர்பிரைஸ் 1974இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திற்கு அளிக்கப்பட்டு, 2016இல் செப்பனிடப்பட்டது. பாபிலோன் 5இன் புதுப்பித்த பதிப்போ, 2021இல் பழைய அகலங்குறைந்த சட்டத்திலேயே வந்தது. படச்சுருள்களை மீண்டும் துல்லியமாகப் பதிவு செய்தனர். விண்கலங்களை மட்டும், எஞ்சியிருந்த ஒளிப்பதிவிலிருந்து பெரிதாக்கிக் கொண்டனர்.