தொகுப்பூதியம் வந்த வழி

1980 நவம்பர் 13ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்து, கர்ணம், கிராம முன்சீப் முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களிடமே தங்கிவிட்ட அந்த இடத்துக்கு, தேர்வாணையம் தேர்ந்தெடுக்கும் முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982இல் அரசின் முடிவு நிலைத்தது. வேலை இழந்தவர்களின் வலி உண்மையானது. ஆனால் அந்த முடிவின் அடிப்படை சரியானது: கிராமக் கணக்கு எழுதுவது என்றைக்கும் இருக்கும் வேலை, ஆகவே அதைச் செய்பவர் முறையாகத் தேர்வாகி, முழுச் சம்பளம் பெற்று, அரசு ஊழியராகவே இருக்க வேண்டும். அதே 1982இல், ஜூலை 1 அன்று, அதே அரசு திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்த நியாயத்தைக் கைவிட்டுவிட்டது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஊர்தோறும் ஆட்கள் நியமிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், விதவைகளுக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை தரப்பட்டது. அந்த நல்ல எண்ணத்தை மறுக்க முடியாது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது மதிப்பூதியம் மட்டுமே. காலமுறை ஊதியம் வழங்கப்படவில்லை. அரசுப் பணித் தொகுதிகள் எதிலும் அவர்கள் சேர்க்கப்படவும் இல்லை. தமிழ்நாட்டில் தற்காலிகப் பணியிடங்கள் பெருகிய கதைக்கு இதுவே திருப்பம் என்பது என் கருத்து.

அதற்கு முன்பும் தற்காலிக வேலை இருந்தது. பொதுப்பணித் துறையில் என்.எம்.ஆர். எனப்படும் தினக்கூலிகள் இருந்தார்கள். சார்நிலைப் பணி விதிகளில் 10(அ)(1) என்றொரு விதி இருந்தது. அலுவலகங்களில் ‘டென் ஏ ஒன்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். அவசரத் தேவைக்கு, முறையான ஆள் வரும்வரை, விதிகளைத் தளர்த்தி ஒருவரை அமர்த்திக்கொள்ள அது இடம் தந்தது. வெள்ள நிவாரணம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்ற வேலைகளுக்கு இப்படியொரு விதி தேவைதான். வேலையே சில மாதங்களில் முடிந்துவிடும் என்பதால் ஆளும் தற்காலிகமாக இருப்பதில் தவறில்லை. 1982க்குப் பிறகு இது தலைகீழானது. வேலை நிரந்தரமாக நடக்க, ஆள் மட்டும் தற்காலிகமாக வைக்கப்பட்டார்.

இதன் கொடிய வடிவத்தைக் கிராம ஊராட்சிகளில் வேலை செய்த மக்கள் நலப் பணியாளர்களின் வரலாற்றில் காணலாம். 1989இல் தி.மு.க. அரசு அவர்களை நியமித்தது. 1991இல் அ.தி.மு.க. அரசு நீக்கியது. 1997இல் மீண்டும் வேலை வந்தது, 2001இல் போனது. 2006இல் வந்தது, 2011 நவம்பரில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2022இல் ஊரக வேலை உறுதித் திட்டப் பணிகளோடு இணைத்து மாதம் 7,500 ரூபாய் என்று மறுபடி அழைப்பு வந்தது. இருபத்தைந்து வயதில் முதல் ஆணை பெற்றவருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. சாலைப் பணியாளர்கள் நிலையும் இதுதான்: 1997இல் சேர்க்கப்பட்ட சுமார் பத்தாயிரம் பேர் 2002இல் நீக்கப்பட்டு, 41 மாதம் கழித்துத் திரும்பினார்கள். இத்தனை ஆண்டுகளில் சாலையில் குழி விழுவது ஒருநாளும் நிற்கவில்லை. முறையான பணியிடமாக இருந்திருந்தால் தேர்தல் முடிவு இவர்களின் அடுப்பை அணைத்திருக்காது.

இதற்கு மறுப்பாக முதலில் சொல்லப்படுவது பணம். சம்பளமும் ஓய்வூதியமும் வருவாயின் பெரும்பகுதியை விழுங்குகின்றன என்பது உண்மை. 2001இல் நியமனத் தடை வந்ததும், 2003 ஏப்ரல் முதல் புதியவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றானதும் இதனால்தான். ஆனால் ஆளைத் தற்காலிகமாக வைப்பதால் அந்தச் செலவு மறைந்துவிடாது. அரசு ஏற்க வேண்டிய முதுமைக்காலச் செலவை உழைத்தவரின் குடும்பம் ஏற்கிறது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: தேர்வு எழுதாமல், இடஒதுக்கீட்டுச் சுழற்சிக்குள் வராமல் நுழைந்தவரை நிரந்தரமாக்கினால், தேர்வுக்குப் படித்துக் காத்திருப்பவருக்கு அது அநீதி. 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுவே. நான் இதை ஏற்கிறேன். ஆனால் அத்தீர்ப்பே, அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் நீதிமன்ற ஆணையின் தயவின்றிப் பத்தாண்டு உழைத்தவர்களை ஒருமுறை முறைப்படுத்தச் சொன்னது. இனி இப்படி நியமிக்காதே என்பதுதான் அதன் சாரம். தமிழ்நாடோ 2012இல் பகுதிநேர ஆசிரியர்களுக்காக மாதம் 5,000 ரூபாயில் 16,549 இடங்களை உருவாக்கியது. தீர்ப்பின் பாதியை ஊழியருக்கு எதிராகக் காட்டி, மறுபாதியை மாநிலங்கள் மறந்தன. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், உமாதேவி தீர்ப்பு நீண்டகால ஊழியர்களுக்கு எதிரான ஆயுதமாகப் பயன்படுவதை உச்ச நீதிமன்றமே கண்டித்தது.

முடியாத காரியம் எதையும் யாரும் கேட்கவில்லை. 2003 முதல் தொகுப்பூதியத்தில், அதாவது மாதம் ஒரு நிலையான தொகைக்கு, சேர்க்கப்பட்ட பள்ளி ஆசிரியர்கள் 2006 ஜூன் 1 முதல் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள். அதனால் கருவூலம் மூடப்படவில்லை. தொழில் நிறுவனங்களில் 24 மாதத்துக்குள் 480 நாள் உழைத்தவர் நிரந்தரம் என்று 1981இலேயே சட்டம் இயற்றியது இதே சட்டமன்றம். முதலாளிகளுக்கு விதித்த வரம்பை அது தனக்கும் விதித்துக்கொள்ள வேண்டும்: ஒரு திட்டம் ஐந்தாண்டைத் தாண்டி நடந்தால் அதன் இடங்கள் காலமுறை ஊதியப் பணியிடங்களாக வேண்டும், அன்று முதல் தேர்வும் இடஒதுக்கீடும் அவற்றுக்குப் பொருந்த வேண்டும், அதுவரை உழைத்தவர்களை விட்டுவிடக் கூடாது. அடுத்த தேர்தலுக்கு முன் இதைச் சட்டமாக்குங்கள்.