சாம்பலில் பதிந்த சுவடு

பூனைக்குமா சரித்திரம் என்று வாசகர்கள் சிரிக்கக்கூடும். மன்னர்களுக்கும் போர்களுக்கும்தான் சரித்திரம் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டைக் கூட்டுகிற துடைப்பத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று எனக்கு உணர்த்தியது ஏற்காட்டில் ஒரு பூனைதான்.

ஒரு நாவலை முடிப்பதற்காக மழைக்காலத்தில் அங்கே ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்தேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பனிமூட்டத்துக்குள் நுழைந்து, கதவைத் திறந்தால், வீட்டோடு ஒரு பூனையும் இருந்தது. ஓயாத மழையில் அது வெளியே போக மறுத்தது. வீட்டைப் பார்த்துக்கொண்ட அம்மாள், கணப்பிலிருந்த சாம்பலை ஒரு தகரத் தட்டில் அள்ளிக் குளியலறை மூலையில் வைத்தாள். பூனையும் சமர்த்தாக அதைப் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் மறுநாள் காலையில் சிவப்புச் சிமெண்டுத் தரை முழுவதும் வெள்ளை வெள்ளையாய்க் காலடிகள். கூடத்தில், சமையலறையில், நான் இரவு எழுதி வைத்த காகிதங்களின்மேல்கூட!

அந்த அம்மாளும், ஐந்து மாதக் கர்ப்பிணியான அவளுடைய மருமகளும் நான்கு நாள் துடைத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் அம்மாள் என் எதிரில் வந்து நின்றாள்.

"ஏனுங்கய்யா, இதைச் சாக்குல போட்டு அடிவாரத்துல விட்டுட்டு வரச் சொல்லட்டுங்களா? இடுப்பு ஒடிஞ்சு போகுதுங்க."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் தண்டனை மட்டும் பூனைக்குப் போய்ச் சேருகிறதே என்று மனம் உறுத்தியது. ஒரு நாள் பொறுக்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன்.

இதே வழக்கு இதற்கு முன்பும் ஒரு வீட்டில் நடந்திருக்கிறது. நாம் சுதந்திரம் வாங்கிய அதே 1947ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் காசோபோலிஸ் என்னும் சிற்றூர். கடுங்குளிரில் வெளியே மணற்குவியல் உறைந்துவிட்டதால், ஓர் அம்மாள் தன் பூனைக்குச் சாம்பலை வைத்தாள். வீடெங்கும் சாம்பல் சுவடுகள். கொஞ்சம் மணல் கிடைக்குமா என்று அவள் பக்கத்து வீட்டு எட்வர்ட் லோவிடம் போய்க் கேட்டாள். அவர் கடற்படையிலிருந்து திரும்பி, தந்தையின் வியாபாரத்தில் சேர்ந்திருந்த இளைஞர். தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுகிற மரத்தூள், களிமண் போன்றவற்றை விற்பது அவர்கள் தொழில். மணலுக்குப் பதிலாக அவர் உலர்ந்த களிமண் குருணையைக் கொடுத்து அனுப்பினார். சில நாளில் அந்த அம்மாள் மறுபடியும் வந்தாள். இனி வேறெதுவும் வேண்டாம், இதுவே வேண்டும் என்றாள்.

லோ அந்தக் குருணையை 5 பவுண்டுப் பைகளில் கட்டி, பையின்மேல் 'கிட்டி லிட்டர்' என்று கையால் எழுதி, 65 சென்ட் விலை வைத்துக் கடைக்குக் கொண்டுபோனார். மணல் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர் கேட்டார். அப்படியானால் சும்மா கொடுத்துப் பாருங்கள் என்றார் லோ. சும்மா வாங்கிப் போனவர்கள் பணத்தோடு திரும்பி வந்தார்கள். 1995இல் அவர் இறந்தபோது அது ஒரு பெருந்தொழிலாக வளர்ந்திருந்தது.

அந்தக் களிமண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை. நம் பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் முல்தானி மட்டிக்கு அது உறவு. அதன் நுண்ணிய துளைகள் ஈரத்தையும் நாற்றத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சாம்பலும் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் அது பொடி. பூனையின் உள்ளங்காலில் இருக்கும் கொஞ்சம் ஈரம் போதும், ஒட்டிக்கொண்டு ஊர்வலம் கிளம்பிவிடும். 1984இல் தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலார் பெண்டோனைட் என்ற வேறொரு களிமண்ணைப் பயன்படுத்தினார். அது ஈரம் பட்டதும் உப்பிக் கட்டியாகிவிடும். கட்டியை மட்டும் அள்ளி எறிந்தால் போதும் என்றாயிற்று.

ஏற்காட்டில் உட்கார்ந்து சாம்பலைப் பற்றி யோசிக்கிறவன் ராபர்ட் புரூஸ் ஃபூட்டை நினைக்காமல் இருக்க முடியாது. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாரே, அவரேதான். புவியியல் ஆய்வுத் துறையிலிருந்து 1891இல் ஓய்வு பெற்ற பிறகு இந்த மலையில்தான் வீடு வைத்திருந்தார். பல்லாரிப் பக்கத்தில் சிறு குன்றுகளைப் போல் சாம்பல் மேடுகள் உண்டு. ராட்சதர்களை எரித்த சாம்பல் என்று ஊர் மக்கள் கதை சொன்னார்கள். ஃபூட் அதை மாட்டுச் சாணத்தின் சாம்பல் என்றார். புதிய கற்கால மக்கள் மந்தை அடைத்த இடம் அது என்றார். அவர் 1912இல் காலமானார். 1957இல் ஆல்ச்சின் என்ற ஆராய்ச்சியாளர் உட்னூரில் அப்படிப்பட்ட ஒரு மேட்டைத் தோண்டியபோது, சாம்பல் அடுக்குகளுக்கிடையே மாட்டின் குளம்புச் சுவடுகள் பதிந்திருந்தன. அங்கே குற்றம் சுமந்தவர்கள் ராட்சதர்கள். உள்ளே இருந்ததோ வெறும் தொழுவம். கழிவைக் கண்டு மூக்கைப் பிடிக்காமல் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் உண்மை கிடைத்தது.

என் தரையில் இருந்த சுவடுகளையும் அப்படிப் பார்த்தேன். கழித்ததை மண்ணால் மூடுவது பூனையின் பிறவிக் குணம். ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சைப்ரஸ் தீவில் மனிதனுக்கு அருகே ஒரு பூனையைப் புதைத்திருக்கிறார்கள். அந்தக் குழி 2004இல் உலகுக்குத் தெரிய வந்தது. அவ்வளவு பழைய சிநேகம். அது தன் ஒழுக்கத்தை விடவில்லை. பாத்திரம் துலக்குவதற்கு உகந்த சாம்பலைத் தப்பான இடத்தில் வைத்தவர்கள் நாம்.

இன்னொரு விஷயம்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் இருக்கக்கூடும். எல்லாப் பூனைக்கும் அது இருப்பதில்லை. ஆனால் கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்து. அந்தக் கிருமி 1908இலேயே தெரிந்திருந்தும், பூனை மூலம் பரவும் விதம் 1970 வாக்கில்தான் தெளிவாயிற்று. கழிவு வெளிவந்து ஒரு நாளாவது ஆன பிறகே அது தொற்றும் நிலையை அடைகிறது. ஆகவே தினமும் அள்ளிவிடுவது பாதி வைத்தியம். மீதிப் பாதி, கர்ப்பிணி அதைத் தொடாமல் இருப்பது. என் வீட்டில் நான்கு நாளாக அதை அள்ளிக் கொட்டியது யார்? அந்த மருமகள்! காகிதம் அழுக்காயிற்றே என்று கவலைப்பட்ட எனக்கு அது தோன்றவே இல்லை.

அன்றே வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சாம்பலைக் காப்பிச் செடிகளுக்குப் போட்டோம். தச்சுப் பட்டறையில் சில்வர் ஓக் மரத்தை இழைத்த சுருள் மூட்டையாகக் கிடைத்தது. பொடி இல்லாததைப் பொறுக்கிக்கொண்டேன். ஆழமான பழப்பெட்டி ஒன்றில் ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டி, அடியில் தகரம் போட்டு, நாலு விரற்கடை உயரம் சுருளைப் பரப்பினேன். உயர்ந்த சுவர் இருந்தால் பூனை பறிக்கும்போது சிதறாது. தாழ்ந்த வாசலுக்கு வெளியே நீளமான தேங்காய்நார் மிதியடி. நாலு அடி அதன்மேல் நடந்தால் காலில் ஒட்டியது உதிர்ந்துவிடும். காலையும் மாலையும் பழைய ஜல்லிக்கரண்டியால் அள்ளிக் குழியில் புதைத்தேன். வாரம் ஒருமுறை பெட்டியை வெந்நீரில் கழுவினேன். பினாயில் கூடாது, அது பூனைக்கு விஷம்.

சேலத்துக் கடையில் களிமண் பை கிடைக்கும்தான். ஆனால் அதற்காகவும் எங்கோ ஒரு நிலத்தைத் தோண்டுகிறார்கள். பாக்ஸைட்டுக்காகத் தோண்டிய சேர்வராயன் மலையில் உட்கார்ந்துகொண்டு அதை வாங்க மனம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மாள் துடைப்பத்தோடு வந்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மிதியடியில் மட்டும் நாலைந்து மரச்சுருள்.

"பூனை திருந்திடுச்சுங்கய்யா" என்றாள்.

நான் மறுத்துச் சொல்லவில்லை. கையில் ஜல்லிக்கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.