கடல் கொண்ட வீடுகளும் வரைபடக் கோடும்

நகரக் குடியிருப்புகள் அகற்றப்படுவதை ஆராய்வோர் பெரும்பாலும் அரசாணை, அறிவிப்பு, நீதிமன்ற வழக்கு ஆகியவற்றிலிருந்தே தொடங்குவர். திருவனந்தபுரத்தின் வலியதுறைக்கு இவை போதா. அங்கு மீனவர் வீடுகளை வரிசை வரிசையாகக் கொண்டுபோனது கடலரிப்பு. வீடிழந்தோர் பள்ளிகளிலும் கிடங்குகளிலும் ஆண்டுக்கணக்கில் தங்கினர். ஆணையின்றி நிகழும் வெளியேற்றம் ஆணைகளைத் தேடும் ஆய்வில் அகப்படாது.

2018இல் முட்டத்தறையில் 192 அடுக்குமாடி வீடுகள் மீனவர்க்கு வழங்கப்பட்டன. பின்வந்த 'புனர்கேஹம்' திட்டம், உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் குடும்பங்கள் வேறிடத்தில் நிலமும் வீடும் பெற 10 இலட்சம் ரூபாய் என வகுத்தது. இதனால் வரைபடக் கோடே உரிமையின் எல்லையாயிற்று. அக்கோடோ நிலையானதன்று, கரை பின்வாங்குந்தோறும், எல்லைக்கு வெளியே இருந்த வீடும் அதனுள் வந்துவிடுகிறது.

வெவ்வேறு ஆண்டுகளின் கரையோர வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் அழிந்த நிலத்தின் பரப்புத் தெரியும். அங்கு வாழ்ந்த குடும்பங்கள் தெரியா. பழைய வாக்காளர் பட்டியல், வீட்டுவரிப் பதிவேடு, முகாம்களின் பெயர்ப்பட்டியல், தெருக்களைப் பற்றிய முதியோர் நினைவு ஆகியவற்றையும் அவற்றோடு இணைத்தல் வேண்டும். ஒருநாள் கணக்கெடுப்பு நிற்கும் வீடுகளையே எண்ணும். வரலாறு முன்பு நின்ற வீடுகளையும் எண்ண வேண்டும்.