கார்ச் சில்லுகளின் அளவு மாற்றம்

கார்ச் சில்லுகளின் அளவு மாற்றம் என்பது, உற்பத்தி நிறுவனம் பொருத்திய றிம்மையும் ரயரையும் கழற்றிவிட்டு வேறு விட்டமும் அகலமும் கொண்டவற்றைப் பூட்டுவதாகும். கொழும்பில் இதைப் பேச்சுவழக்கில் ‘அலோய் போடுறது’ என்பார்கள்; அலோய் என்பது அலுமினியக் கலப்புலோக றிம். இலங்கையில் ஓடும் கார்களில் பல ஜப்பானில் ஓடியபின் இறக்குமதியானவை. அவற்றின் விலை குறைந்த வகைகள் இரும்பு றிம்மும் பிளாஸ்திக் மூடியுமாக வருவதால், கார் கைக்கு வந்தவுடன் உரிமையாளரின் கண் முதலில் போவது சில்லுக்குத்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் புதுக் கார் எட்டாதவர்களுக்கு, கையிலிருந்த காரைப் புதிதாகக் காட்டக் கிடைத்த வழிகளில் இதுவும் ஒன்று.

இந்த மாற்றம் பெரும்பாலும் அழகுக்காகச் செய்யப்படுகிறது. ஆனால் ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன், வேகமானி, பெற்றோல் செலவு ஆகிய எல்லாவற்றையும் அது தொடுகிறது. காரின் ஓட்டத்தை இத்தனை வழிகளில் ஒரே நாளில் மாற்றிவிடும் வேலை வேறு இல்லை என்பதால், பூட்டுமுன் கணக்குப் பார்த்தே ஆகவேண்டும்.

எண்களின் பொருள்

ரயரின் பக்கச் சுவரில் 195/65 ஆர்15 91எச் என்று இருந்தால், 195 என்பது மில்லிமீற்றரில் ரயரின் அகலம். 65 என்பது பக்கச் சுவரின் உயரம். அது அகலத்தின் வீதமாகச் சொல்லப்படுகிறது. ‘ஆர்’ ரேடியல் கட்டமைப்பையும், 15 அங்குலத்தில் றிம்மின் விட்டத்தையும் குறிக்கும். 91 என்ற சுமைச் சுட்டெண்ணுக்கு ஒரு ரயர் 615 கிலோகிராம் தாங்கும் என்று பொருள். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர் வேகம் வரை தாக்குப்பிடிக்கும்.

195இன் 65 வீதம் 126.75. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் என்று 253.5 மில்லிமீற்றர். 15 அங்குல றிம் 381 மில்லிமீற்றர். ஆக முழுச் சில்லின் விட்டம் 634.5 மில்லிமீற்றர். 2009இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் இந்த அளவிலும், மேல்வகையில் 215/45 ஆர்17 அளவிலும் வந்தது. இரண்டாவதன் விட்டம் 625.3 மில்லிமீற்றர். றிம் இரண்டு அங்குலம் வளர்ந்தும் முழுச் சில்லு ஒன்பது மில்லிமீற்றர்தான் குறைந்திருக்கிறது. அதாவது ஒன்றரை வீதம். றிம் எடுத்துக்கொண்ட இடத்தை ரப்பர்ச் சுவர் விட்டுக்கொடுத்து, 127 மில்லிமீற்றரிலிருந்து 97 ஆகக் குட்டையாகிவிட்டது. முறையான அளவு மாற்றத்தின் அடிப்படை இதுவே: றிம் மாறலாம், மொத்த விட்டம் மாறக் கூடாது. மூன்று வீதத்துக்கு மேல் போகாதே என்பது தொழிலில் பொதுவாக ஏற்றுக்கொண்ட எல்லை.

கொழும்பில் எங்கும் காணும் சுசுகி வேகன் ஆர் 155/65 ஆர்14 ரயரில் வருகிறது. அதன் ஸ்டிங்ரே மேல்வகைக்கு 165/55 ஆர்15. இரண்டுக்கும் இடையில் விட்ட வேறுபாடு ஒரு வீதத்தைத் தாண்டாது. ஆகவே அலோய் வாங்க, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகுமுன் செய்யவேண்டிய முதல் வேலை, அதே காரின் மேல்வகைக்கு நிறுவனமே பூட்டிய அளவைத் தேடி அறிவது. அந்த அளவுக்குரிய சோதனைகளைப் பொறியியலாளர்கள் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறார்கள்.

மொத்த விட்டம் கூடினால் வேகமானி உண்மையைக் குறைத்துக் காட்டும். ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதி 39, வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. ஓரளவு கூட்டிக் காட்ட மட்டும் இடமுண்டு. நிறுவனங்கள் கூட்டிக் காட்டும்படியே அமைப்பதால் சிறு மாற்றம் அதற்குள் அடங்கிவிடும். பெரிய மாற்றம் அடங்காது. துல்லியமான மானியுள்ள காரில் சில்லு மூன்று வீதம் பெருத்தால், தெற்கு அதிவேக நெடுஞ்சாலையின் எல்லையான 100இல் முள் நிற்கும்போது கார் 103இல் ஓடும். கியரும் உயர்ந்ததுபோல் ஆகிவிடும். வேகன் ஆரின் 660 சிசி எஞ்சின், நாலு பேரை ஏற்றிக்கொண்டு தொடர்மாடியின் கீழ்த்தளத் தரிப்பிடத்திலிருந்து சரிவேறும்போது அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

ஓட்டத்தில் தெரிபவை

காரைத் தாங்குபவை சஸ்பென்ஷனின் நான்கு வில்கள் என்றே பொதுவாக நினைக்கிறோம். காற்று நிறைந்த நான்கு ரயர்களும் வில்களே. பள்ளத்தின் அதிர்ச்சியை முதலில் வாங்குவது பக்கச் சுவர்; மிச்சம்தான் சஸ்பென்ஷனுக்குப் போகும். சுவரைக் குட்டையாக்கினால் அந்த முதல் வில் விறைத்துவிடும். பின்னால் வரும் நன்மையும் தீமையும் பெரும்பாலும் இந்த விறைப்பிலிருந்தே பிறக்கின்றன.

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது றிம் உடனே திரும்பிவிடும். நிலத்தைப் பிடித்திருக்கும் ரப்பர் அதே கணத்தில் திரும்புவதில்லை. இடையிலுள்ள சுவர் முறுகி, ரயர் சற்று வழுக்குக் கோணம் எடுத்த பிறகே காரை வளைக்கும் பக்கவாட்டு விசை உண்டாகும். உயர்ந்த சுவர் அதிகம் முறுகுவதால் கார் கொஞ்சம் பிந்தித்தான் சொல்வதைக் கேட்கும். குட்டைச் சுவரில் அந்தத் தாமதம் குறைகிறது. அதிவேகப் பாதையில் தடம் மாறும்போது வரும் தள்ளாட்டமும் குறைகிறது. 1970களின் நடுப்பகுதியில் பிரெல்லி நிறுவனம் ரலிப் பந்தயத்துக்கான லான்சியா ஸ்ட்ராட்டோஸ் காருக்கென உருவாக்கிய பி7 ரயரில், சுவரின் உயரம் அகலத்தின் பாதியளவுக்கு வந்தது. பந்தயத்தில் தேடியது இந்த உடனடிப் பதிலைத்தான். குட்டைச் சுவர் வீதிக் கார்களுக்குப் பரவியது அந்த வழியில்.

அகலமான ரயர் நிலத்தில் அதிக இடம் பிடிக்கும் என்பது பாதி உண்மை. ரயர் தொடும் பரப்பைத் தீர்மானிப்பவை முதன்மையாகக் காரின் நிறையும் காற்றமுக்கமும். அவை மாறாவிட்டால் பரப்பும் பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும். நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தது அகன்று கட்டையாகும். உலர்ந்த வீதியின் வளைவுகளுக்கு அந்த வடிவம் உதவும். ஆனால் பிடிமானத்தில் ரப்பரின் கலவைக்கும் தவாளிப்புகளின் அமைப்புக்கும் உள்ள பங்கு இன்னும் பெரிது. மலிவான ரப்பரில் செய்த 215ஐ விட நல்ல ரப்பரில் செய்த 195 ஈர வீதியில் முன்னதாக நிற்கும். பணத்தை றிம்மில் கொட்டிவிட்டு ரயரில் மிச்சம் பிடிப்பவர்கள் இந்த மாற்றத்தின் பயனையே இழக்கிறார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அகலம் கூடும்போது ஸ்டியரிங் கனக்கும். லொறிகள் அழுத்திய தடங்களில் கார் தானாக அங்குமிங்கும் இழுபடும். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் வண்டிகள் நாள் முழுதும் உழும் கொட்டாஞ்சேனை, புளூமெண்டல் பக்கத்து வீதிகளில் இதை நேரில் உணரலாம்.

‘அலோய் இலேசு’ என்பதும் எப்போதும் சரியல்ல. ஒரே அளவு இரும்பு றிம்மோடு ஒப்பிட்டால் அது பெரும்பாலும் இலேசானது. 15 அங்குல இரும்பைக் கழற்றி 17 அங்குல வார்ப்பு அலோயைப் பூட்டினால் நிறை கூடிவிடவும் கூடும். கூடிய நிறை சஸ்பென்ஷனுக்குக் கீழே, சுழலும் பாகத்தில், அதுவும் மையத்திலிருந்து தள்ளி விளிம்பில் போய்ச் சேருகிறது. சடத்துவத் திருப்பம் ஆரையின் வர்க்கத்தோடு வளர்வதால், சில்லைச் சுழற்றவும் நிறுத்தவும் எஞ்சினும் பிரேக்கும் அதிகம் உழைக்கவேண்டும். ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் நின்று புறப்படும் காலி வீதி நெரிசலில் அந்த உழைப்பு பெற்றோலாகச் செலவாகிறது. 2023இல் வந்த பிரியஸின் மின்னேற்று வகைக்கு டொயோட்டா ஜப்பானில் வெளியிட்ட எண்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன: 19 அங்குலச் சில்லோடு மின்கலத்தில் மட்டும் 87 கிலோமீற்றர், 17 அங்குலச் சில்லோடு 105 கிலோமீற்றர். ரயரின் அகலம் இரண்டிலும் 195தான். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோலோடு கார் ஓட்டியவர்களுக்கு இத்தகைய வேறுபாட்டின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

பெரிய சில்லுக்கு நியாயமான தேவை ஒன்றும் உண்டு: பிரேக். 1959இல் 10 அங்குலச் சில்லோடு வந்த மினி, 1984இல் 12 அங்குலத்துக்கு மாறியதற்குக் காரணம் முன்சில்லுகளுக்குள் பெரிய டிஸ்க் பிரேக்குக்கு இடம் தேவைப்பட்டதே. கொழும்பில் இன்றும் பழைய மினிகளைப் பேணுவோர் பலர் பத்து அங்குலத்தை விட்டுக்கொடுப்பதில்லை. அந்தக் காரின் துடிப்பு அந்தச் சிறு சில்லில் இருக்கிறது என்ற அவர்களின் பிடிவாதம் நியாயமானது.

தோற்றம்

சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையிலான வெறுமை, உடலின் உயரத்துக்கும் சில்லின் விட்டத்துக்கும் உள்ள விகிதம், சில்லின் முகம் உடலின் விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பது: காரின் நிற்கும் தோற்றத்தைத் தீர்மானிப்பவை இம்மூன்றும். உயர்ந்த உடலும் ஒடுங்கிய சில்லும் கொண்ட வேகன் ஆர் போன்ற காரில் ஓர் அங்குலம் கூடினாலே பார்வை மாறிவிடும். கருமையான ரப்பர் குறைந்து மினுங்கும் உலோகம் கூடுவதால், மொத்த விட்டம் மாறாதபோதும் சில்லு பெருத்ததுபோல் கண்ணுக்குத் தோன்றும். மெல்லிய, நீண்ட ஆரைக்கால்கள் விளிம்புவரை ஓடும் வடிவம் இன்னும் பெரிதாகக் காட்டும். அகன்ற விளிம்புள்ள வடிவம் சிறிதாகக் காட்டும். அளவைக் கூட்டாமல் வடிவத்தை மட்டும் மாற்றிப் பெரிய சில்லின் தோற்றத்தைப் பெற வழியுண்டு என்பதைக் கடைகளில் யாரும் அதிகம் சொல்வதில்லை. பல சிறுகார்களுக்கு அதுவே சிறந்த தெரிவு. 14 அங்குலச் சில்லுக்கென அமைந்த உடலில் 17ஐத் திணித்த கார், தரித்து நிற்கும்போது அழகு. ஓடும்போது பள்ளத்துக்குப் பள்ளம் தயங்கித் தயங்கிப் போகும் அதைப் பார்ப்பது வருத்தம்.

கொழும்பின் வீதிகளில்

இந்த நகரில் ஒரே கார் இருவேறு உலகங்களில் ஓடவேண்டியிருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து களனிப் பாலத்தைத் தாண்டினால் 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை. குட்டைச் சுவரின் பயன் தெரிவது அங்கே. வீடு திரும்பினால் ஒடுங்கிய தெருக்கள், தோண்டி மூடிய குழிகள், நடைபாதை விளிம்பை உரசித்தான் நிறுத்தமுடியும் என்ற தரிப்பிட நெருக்கடி. உயர்ந்த சுவருள்ள ரயரில் விளிம்பை உரசுவது ரப்பர். குட்டைச் சுவரில் உரசுவது றிம்மின் முகம். பள்ளத்தில் வேகமாக விழுந்தால் சுவர் றிம்முக்கும் தெருவுக்கும் இடையில் நசுங்கி உள்ளிழைகள் அறுந்து, பக்கத்தில் புடைப்பு எழும். புடைத்த ரயரைத் திருத்த முடியாது, எறியத்தான் வேண்டும்.

வெள்ளவத்தையில் கடுமழைக்குக் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலான ஒழுங்கைகளில் தண்ணீர் தேங்கும்போது, குழி எங்கே என்று தெரியாது. கடலுப்பு இன்னொரு சிக்கல். மரைன் ட்ரைவ் ஓரமாக நாளும் நிற்கும் காரில், கீறல் விழுந்த இடத்தில் மேற்பூச்சுக்கடியில் அலோய் பூக்கத் தொடங்கும். ரயர் றிம்மில் அமரும் விளிம்புவரை அது பரவினால் காற்று மெல்லக் கசியும். பஞ்சர் எங்கே என்று தேடிக் காணாமல் திரும்பத் திரும்பக் காற்றடிக்கும் கார்களில் இதையும் பார்க்கவேண்டும்.

மழையில் அகலமான ரயர் எச்சரிக்கை கேட்கிறது. முன்னால் உள்ள நீரை ரயர் ஒதுக்கித் தள்ளவேண்டும். அகலம் கூடினால் ஒதுக்கவேண்டிய நீரும் கூடும். ஒதுக்க நேரம் போதாவிட்டால் ரயர் நீரின்மேல் மிதந்து, ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயனற்றுப் போகும். 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சில்லுகளை வைத்துக் கண்ட சூத்திரப்படி மிதக்கும் வேகம் காற்றமுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆழமான நீரில் 32 பி.எஸ்.ஐ. காற்றுக்கு அது ஏறத்தாழ 94 கிலோமீற்றர், 25 பி.எஸ்.ஐ.க்கு 83. அதிவேகப் பாதையின் அனுமதி வேகம் 100 என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். மொட்டையாகத் தேய்ந்த அகல ரயரோடு அடைமழையில் அதிவேகப் பாதையேறுவது உயிரோடு விளையாடுவது. தவாளிப்புகளின் அடியில் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் உள்ள தேய்வுக் குறியை எட்டுமுன்பே மாற்றிவிடுவது நல்லது.

பூட்டும்போது

விட்டமும் அகலமும் சரியானாலும் றிம் காருக்குப் பொருந்தாமல் போகலாம். ஆணித்துளைகளின் வட்டம் வேகன் ஆர், அக்குவா போன்றவற்றில் நான்கு துளை 100 மில்லிமீற்றர்; மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் ஐந்து துளை 100. நடுத்துளை டொயோட்டாச் சிறுகார்களில் 54.1 மில்லிமீற்றர், ஹொண்டாச் சிறுகார்களில் 56.1. பெரிய துளையுள்ள றிம்மை வளையமிட்டு நடுப்படுத்தாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும்.

அதிகம் கவனிக்கப்படாதது றிம்மின் உட்தள்ளல், அதாவது ஆணி பூட்டும் முகம் றிம்மின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியுள்ள தூரம்; அதை மில்லிமீற்றரில் ஈ.டி. என்ற எழுத்துகளோடு பொறித்திருப்பார்கள். 6 அங்குல அகலமும் ஈ.டி. 45உம் உள்ள றிம்மை எடுத்துவிட்டு 7 அங்குலம், ஈ.டி. 35 பூட்டினால், வெளிமுகம் 23 மில்லிமீற்றர் வெளியே தள்ளும். பார்வைக்குக் கம்பீரம்தான். ஆனால் ஸ்டியரிங்கின் வடிவக்கணிதம் மாறி, பிரேக் பிடிக்கும்போது கார் ஒருபக்கம் இழுக்கக்கூடும். பெயாரிங்கில் சுமை கூடும். முழுக் குடும்பமும் ஏறினால் மட்காட்டில் ரயர் உரசும்.

குட்டை ரயருக்குள் காற்றின் கனவளவு குறைவு. ஆகவே அதே சுமைக்குச் சற்றுக் கூடுதல் அமுக்கம் தேவைப்படலாம். சாரதிக் கதவடியில் ஒட்டியிருக்கும் தாளில் எழுத்து ஜப்பானிய மொழியானாலும் எண்கள் எல்லோருக்கும் பொது: 220 கிலோபஸ்கால் என்றால் 32 பி.எஸ்.ஐ. மேல்வகைக்குரிய அளவும் அமுக்கமும் அதே தாளிலேயே சிலவேளை இருக்கும். பழைய அலோயை ரயரோடு வாங்குபவர்கள் சுவரிலுள்ள நான்கிலக்க எண்ணையும் படிக்கவேண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவித்துவைப்பது, விபத்துக்குப் பின் வரும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

பூட்டிய பின் வீல் அலைன்மென்ற் செய்து, ஐம்பது நூறு கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை முறுக்குவிசை அளவுச் சாவியால் மீண்டும் இறுக்கவேண்டும். டொயோட்டாச் சிறுகார்களுக்கு அந்த அளவு 103 நியூட்டன் மீற்றர். அலோய்க்கென்று வேறு நட்டுகள் தேவைப்பட்டால், பின்பெட்டியிலுள்ள மேலதிகச் சில்லுக்குரிய பழைய நட்டுகளையும் காரிலேயே வைத்திருக்கவேண்டும். அந்தச் சில்லு தற்காலிக ஒடுக்கு வகையானால், அதைப் பூட்டி 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் ஓடக்கூடாது.