நீலம் ஏறிக்கொண்டே போன குழாய்: எல்லப்பிரகட சுப்பாராவின் ஆய்வுத் தடம்

மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் செய்முறை வகுப்பெடுத்த ஆண்டுகளில் நான் மிகவும் விரும்பிய நாள், மாணவர்கள் இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டை அளக்கும் நாள். புரதம் நீக்கிய வடிநீரைச் சோதனைக் குழாயில் எடுப்பார்கள். அதில் கந்தக அமிலத்தில் கரைத்த அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்ப்பார்கள். அதுவரை குழாயில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஒன்றும் இராது. பிறகு பழுப்பு நிறக் குப்பியிலிருந்து ஆய்வகத்தில் எல்லோரும் 'ஆன்சா' என்று அழைக்கும் கரைசலைக் கொஞ்சம் விடுவார்கள். ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் விட்டதுபோல அடியிலிருந்து நிறம் கிளம்பும். ஐந்து பத்து நிமிடம் பொறுத்து, அந்த நீலத்தின் அடர்த்தியை நிறமானியில் வைத்துப் படித்தால் பாஸ்பேட்டின் அளவு தெரிந்துவிடும்.

பதிவேட்டில் மாணவர்கள் எழுதும் தலைப்பு 'ஃபிஸ்கே – சுப்பாராவ் முறை'. அந்த இரண்டாவது பெயருக்கு உரியவர் சென்னையில் படித்தவர் என்று சொன்னதும் வகுப்பில் தலைகள் நிமிரும். அவர் எழுதியவை எவை, எழுதாமல் விட்டவை எவை, இரண்டும் சேர்ந்து மருத்துவத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பதை ஒரு முறையாவது கோவையாக எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12இல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்துச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குள் போனதால் பேராசிரியரின் மனக்கசப்புக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடத் தாழ்வாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கையில் வந்தது. உடன்பிறந்தவர்களை 'ஸ்ப்ரூ' என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். நம் நாட்டு வைத்தியர்கள் கிராணி என்று சொல்லும் நோய்க்கு நெருக்கமானது அது. உண்டது உடம்பில் ஒட்டாமல், இரத்தம் குன்றி, ஆள் உருகிப்போகும் நோய். டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, 1920களின் தொடக்கத்தில், கடன்பட்ட பணத்திலும் அறக்கட்டளை உதவியிலும் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். அங்கே மருத்துவமனையில் இரவுப் பணியாளாக வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார்.

ஓட்டோ ஃபோலின் தலைமையிலிருந்த ஹார்வர்டு உயிர்வேதியியல் துறை, நிறத்தைக் கொண்டு பொருளை அளக்கும் கலையில் அன்று உலகுக்கே வழிகாட்டி. அங்கே சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து சுப்பாராவ் எடுத்துக்கொண்ட சிக்கல் பாஸ்பரஸ். 1920இல் பெல், டாய்சி என்ற இருவர் ஹைட்ரோகுவினோனைக் கொண்டு நீலம் வரவழைக்கும் ஒரு முறையைக் கண்டிருந்தார்கள். நிறம் வந்தது, நிலைக்கவில்லை. ஹைட்ரோகுவினோனின் இடத்தில் அமினோநாப்தால்சல்ஃபோனிக் அமிலத்தை, அதாவது அந்த 'ஆன்சா'வை, வைத்ததுதான் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் செய்த மாற்றம். நீலம் விரைந்து வந்தது, நிலைத்து நின்றது, மற்ற உப்புகளின் குறுக்கீடும் குறைந்தது. 1925இல் 'ஜர்னல் ஆஃப் பயலாஜிகல் கெமிஸ்ட்ரி'யின் 66ஆம் தொகுதியில் 26 பக்கக் கட்டுரையாக அது வெளிவந்தது.

உயிர்வேதியியல் வரலாற்றில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் அது ஒன்று. ரிக்கெட்ஸ் நோயா, சிறுநீரகக் கோளாறா என்று பார்க்க உலகெங்கும் மருத்துவமனைகளில் அந்த நீலத்தைத்தான் பல பத்தாண்டுகள் நம்பினார்கள். கொழுப்புப் பொருள்களிலுள்ள பாஸ்பரஸை அளக்க பார்ட்லெட் 1959இல் வெளியிட்ட முறையும் இதன் கரைசலிலிருந்து கிளைத்ததே. அந்தக் கட்டுரைக்கும் மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. செய்முறைக் கட்டுரைகளுக்கு வரும் மேற்கோள்களை அறிஞர்கள் சிலர் இறக்கியே மதிப்பிடுவார்கள். புரதத்தை அளக்க லௌரி 1951இல் எழுதிய கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்று உலகப் பட்டியலில் முதலிடத்தில் நின்றபோதும், அது வெறும் கருவிதானே என்ற பேச்சு எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எவரும் எந்த ஊரிலும் ஒரே மாதிரி அளக்கலாம் என்று ஆக்கித்தருவது அறிவுக்குச் செய்யும் பெரிய தொண்டு. அளவுகோல் சரியாக இருந்ததால்தான் அடுத்த கண்டுபிடிப்பே நடந்தது.

அந்தக் கதையை நான் வகுப்பில் நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். தசையிலிருந்து எடுத்த வடிநீரில் இருவரும் தங்கள் முறையைச் செய்து பார்த்தார்கள். வழக்கமாகச் சில நிமிடங்களில் நிலைக்கும் நீலம் இதில் நிலைக்கவில்லை. நேரம் போகப்போக ஏறிக்கொண்டே இருந்தது. இன்னொருவராக இருந்தால் கரைசல் கெட்டுவிட்டது என்று குழாயைக் கழுவி வைத்திருப்பார். இவர்களோ, தங்கள் முறையில் தவறில்லை என்ற உறுதியினால், தசையில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். பாஸ்பேட்டைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு மெல்லிய கூட்டுப்பொருள், அமில மாலிப்டேட் பட்டதும் உடைந்து பாஸ்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது. அதுவே ஃபாஸ்போகிரியேட்டின். 1927இல் 'சயன்ஸ்' இதழில் அதை அறிவித்தார்கள். அதே காலத்தில் லண்டனில் எகிள்டன் தம்பதியரும் இதே பொருளின் தடத்தைப் பிடித்திருந்தார்கள். ஆனால் அதைப் பிரித்தெடுத்து, இன்னதென்று அடையாளம் காட்டியவர்கள் ஹார்வர்டுக்காரர்கள்.

தசை சுருங்குவதற்கான ஆற்றல் லாக்டிக் அமிலத்திலிருந்து வருகிறது என்பதே அன்றைய பாடம். அந்தத் துறைக்காக ஹில், மேயர்ஹாஃப் இருவரும் 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றிருந்தார்கள். ஃபாஸ்போகிரியேட்டின் வந்த பிறகு அந்தப் பாடத்தை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. லாக்டிக் அமிலம் உண்டாகாமலேயே தசை சுருங்க முடியும் என்று 1930இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட் காட்டியதும் அது முற்றிலும் மாறியது. நெஞ்சுவலி என்று வருபவருக்கு மருத்துவமனையில் நெடுங்காலமாக எடுக்கப்பட்டுவரும் சி.பி.கே. இரத்தப் பரிசோதனையில் வரும் நொதி இந்தப் பொருளைச் சுற்றி வேலை செய்வதுதான். உடற்பயிற்சிக் கூடத்துப் பிள்ளைகள் டப்பாவில் வாங்கிக் கலக்கிக் குடிக்கும் கிரியேட்டினும் இதே குடும்பம்.

1929இல் உயிரின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யையும் இருவரும் தசையிலிருந்து பிரித்தார்கள். ஜெர்மனியின் கார்ல் லோமன் அதே ஆண்டில் சற்று முந்திக்கொண்டதால் பாடநூல்கள் முதற்பெயராக அவரைச் சொல்கின்றன. 1930இல் சுப்பாராவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. நிலையான பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. ஹார்வர்டில் அவர் பிரித்தெடுத்த நியூக்ளியோடைடுகள் சில அச்சேறாமலே போய், பல ஆண்டுகளுக்குப் பின் மற்றவர்களால் மீண்டும் கண்டுபிடிக்கப்பட வேண்டியிருந்தது என்று, அங்கே உடனிருந்தவரும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். ஓர் ஆய்வாளரின் வெளியீட்டுப் பட்டியலைப் பார்க்கும்போது அதில் இல்லாதவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை நான் இங்கேதான் கற்றேன்.

1940இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்குப் போய், விரைவில் ஆராய்ச்சி இயக்குநரானார். அதற்குப் பின் எட்டே ஆண்டுகள். அவர் வாழ்நாளின் பெரும்பணி அந்த எட்டு ஆண்டுகளில் நடந்தது. ஆனால் கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையை மட்டும் பார்த்தால் அவர் மெல்ல மறைந்துகொண்டே போவதுபோல் தோன்றும்.

ஃபோலிக் அமிலத்தையே எடுத்துக்கொள்வோம். பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட்டில் அதைத் தீர்க்கும் ஏதோ ஒன்று இருப்பதாக 1931இல் எழுதினார். அந்த ஏதோ ஒன்றை ஈரலிலிருந்து பிரித்து, ஆய்வகத்தில் செய்தும் காட்டிய குழு சுப்பாராவின் குழு. 1945இல் 'சயன்ஸ்' இதழில் வந்த அறிவிப்பில் 16 பெயர்கள். ஏழாவதாக நிற்கிறார் அவர், ஆங்கில அகரவரிசை கொண்டுவிட்ட இடத்தில். ஸ்ப்ரூவினால் வரும் சோகைக்கு அந்த அமிலம் மருந்தாயிற்று. உடன்பிறந்தவர்களைக் கொண்டுபோன நோய்க்கு அவர் கையாலேயே மருந்து பிறந்தது என்பதை அந்த இரண்டு பக்கக் கட்டுரை எங்கும் சொல்வதில்லை. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது.

அந்த அமிலத்தின் உருவத்தைக் கொஞ்சம் மாற்றினால் அதன் வேலையைத் தடுக்கும் பொருள் கிடைக்கும். பாஸ்டனில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தைச் சார்ந்த பொருள்களைக் கொடுத்தபோது நோய் முற்றுவதைக் கண்டார். அப்படியானால் தடுப்பவற்றைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று எண்ணினார். லெடர்லியிலிருந்து அமினாப்டெரின் போயிற்று. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையின்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதற்குமுன் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்த எந்த மருந்தும் இப்படிக் கேட்டதில்லை. அமினாப்டெரினை ஆய்வகத்தில் தயாரித்து 1947இல் எழுதிய மூவர் கட்டுரையிலும் ஃபார்பரின் கட்டுரையிலும் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் இல்லை. அமினாப்டெரினின் தங்கையான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும், வாரம் ஒருமுறை மாத்திரையாக முடக்குவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

நம் ஊருக்கு மிக அருகில் வந்தது அடுத்தது. கும்பகோணத்துக் கொசுவையும் யானைக்காலையும் பற்றிக் கேள்விப்படாதவர் தமிழ்நாட்டில் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இறங்கிய அமெரிக்கப் படைவீரர்களுக்கு அந்நோய் தொற்றியபோது மருந்து தேடும் வேகம் கூடியது. பருத்தி எலிகளின் உடலில் வாழும் ஒரு வகை நூல்புழுவை வைத்து நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களைச் சலித்தது லெடர்லி குழு. 1947இல் டைஎதில்கார்பமசின் வந்தது. 'ஹெட்ராசன்' என்பது அதன் வணிகப் பெயர். கட்டுரையில் ஆறு பேர், கடைசிப் பெயர் சுப்பாராவ். வீட்டு வாசலுக்கு வந்து சுகாதாரப் பணியாளர் வயதைக் கேட்டு, கண்ணெதிரே விழுங்கச் சொல்லிக் கொடுத்த யானைக்கால் தடுப்பு மாத்திரை அதுதான். அதை உப்பில் கலந்து கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள்.

எழுபது வயதைத் தாண்டிய தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கரை லெடர்லிக்கு அழைத்துவந்து மண்ணிலிருந்து நுண்ணுயிர்க்கொல்லி தேடும் பணியில் அமர்த்தியவரும் சுப்பாராவே. முதல் டெட்ராசைக்ளின் மருந்தான ஆரியோமைசின் அதில் கிடைத்தது. அதைப் பற்றிய 1948ஆம் ஆண்டுக் கட்டுரையில் டக்கரின் பெயர் மட்டும் இருக்கிறது. அது அவருக்கு முற்றிலும் உரியது. கண்டுபிடித்தவரின் பெயர்தான் நிற்க வேண்டும் என்பதில் சுப்பாராவ் உறுதியாக இருந்தார். செய்தியாளர் கூட்டங்களிலும் முன்னால் வந்து நிற்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், உறக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். ஃபார்பரின் கட்டுரை அச்சாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் பெயரில் ஒரு பூஞ்சைக்கு 'சுப்பாரோமைசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இந்திய அரசு 1995இல், அவரது நூற்றாண்டில், அஞ்சல்தலை வெளியிட்டது.

இன்று ஆய்வாளரை எடைபோடுவதற்குக் கட்டுரை எண்ணிக்கையும், மேற்கோள் எண்ணிக்கையும், வரிசையில் முதல் பெயரா கடைசிப் பெயரா என்பதும் போதுமென்று ஆகிவிட்டது. இந்தத் தராசில் வைத்தால் சுப்பாராவுக்கு மிகுதியாகக் கனம் தருவது 1925ஆம் ஆண்டுக் கட்டுரைதான். அதிலும் அவர் இரண்டாம் பெயர். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் தணிந்ததற்கு அந்தத் தராசில் அவர் பங்கு பூச்சியம். அப்படிக் காட்டும் தராசை முழுமையானது என்று நான் ஏற்கமாட்டேன்.

இதைப் படிக்கும் உயிர்வேதியியல் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டதால் பாஸ்பேட் செய்முறையைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். மாணவர்கள் கையால் ஆன்சாவை விட்டு அந்த நீலத்தை ஒரு முறை பார்க்கட்டும். நிறம் ஏறும் அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பில் சுப்பாராவின் கதையைச் சொல்லுங்கள். நேரம் சரியாக இருக்கும்.